திருவிழா ரசீதைத் திரைக்குக் கொண்டுவருவது எப்படி: முதன்முறையாகத் திரை வடிவமைப்போருக்கு

இரங்கூனில் நாங்கள் கும்பிடும் அம்மன் கோயிலின் ஆண்டுத் திருவிழாவுக்கு, நன்கொடை, அர்ச்சனை, அன்னதான உபயம் ஆகிய மூன்றுக்கும் கையால் எழுதும் ரசீதை விட்டுவிட்டுத் திரையில் ரசீது போடலாம் என்று நிர்வாகக் குழு முடிவு செய்தபோது, கணினி கொஞ்சம் தெரிந்தவன் என்ற ஒரே தகுதிக்காக அந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்தது. இந்தியாவில் யாரோ செய்து இலவசமாக விட்டிருந்த ஆயத்தப் படிவம் ஒன்றை எடுத்து, தலைப்பை மட்டும் மாற்றி, திருவிழாவின் முதல் நாள் காலையில் மேசைமேல் வைத்தேன். பத்தரை மணிக்கெல்லாம் வரிசை வாசலைத் தாண்டித் தெருவுக்கு வந்துவிட்டது. பதினொரு மணிக்குப் பொருளாளர் ஒரு வார்த்தையும் பேசாமல் பழைய ரசீதுப் புத்தகத்தையும் கார்பன் தாளையும் எடுத்துவந்து என் பக்கத்தில் உட்கார்ந்து எழுதத் தொடங்கினார்.

அடுத்த ஆண்டு அதே வேலையை எட்டு வாரம் எடுத்துக்கொண்டு ஒழுங்காகச் செய்தோம். அந்த எட்டு வாரத்தில் கற்றதைத்தான் இங்கே வரிசைப்படுத்தியிருக்கிறேன். கோயிலுக்கோ சங்கத்துக்கோ பயறுக்கடைக்கோ நீங்கள் முதன்முறையாக ஒரு திரையை வடிவமைக்கப் போகிறீர்கள் என்றால் இதைப் படித்துவிட்டுத் தொடங்குங்கள். பயனர் இடைமுகம், அதாவது ஆள் பார்த்துத் தொடும் திரை, நல்லதா கெட்டதா என்று அளக்க நான் வைத்துக்கொண்ட அளவுகோல் ஒன்றே: மேசைக்கு எதிரே நிற்பவர் எத்தனை முறை “இது என்ன தம்பி?” என்று கேட்கிறார் என்பதை எண்ணிக்கொள்வது.

1. கணினியைத் திறக்கும்முன் காகிதங்களைத் திரட்டுங்கள் (முதல் வாரம்)

கடந்த மூன்று ஆண்டு ரசீதுப் புத்தகங்கள் அடிக்கட்டையோடு, உபயதாரர் பதிவேடு, அர்ச்சனைச் சீட்டு, அன்னதானக் கணக்கு நோட்டு, கைபேசிவழிப் பணம் வந்ததற்கான அச்சுப்படிகள் ஆகியவை உங்கள் கைக்கு வர வேண்டும். பொருளாளர்கள் இவற்றை எளிதில் வெளியே விடமாட்டார்கள் என்பதால், அவர் எதிரிலேயே உட்கார்ந்து பார்த்துக் குறிப்பெடுக்க இரண்டு மாலை நேரங்களை ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

அச்சிட்ட கோடுகளுக்குள் எழுதியிருப்பதைவிட ஓரத்தில் எழுதியிருப்பதைக் கவனமாகப் படியுங்கள். எங்கள் பதிவேட்டில் ஒரே பெயர் ஐந்து இடங்களில் இருந்தது; ஒவ்வொன்றின் அருகிலும் “எண்ணெய்க்கடை மருமகன்”, “பழைய மண்டித் தெரு” என்று பென்சிலால் குறித்திருந்தார்கள். எங்கள் மக்கள் ஒருவரையொருவர் அடையாளம் காண்பது அப்படித்தான் என்னும்போது, திரையில் ஆளைத் தேடும் வசதியும் அந்த வழியிலேயே இருந்தாக வேண்டும். இன்னொரு பக்கத்தில் “அரிசி 2 மூட்டை”, “நல்லெண்ணெய் 5 வீசை” என்று இருந்தது. நான் வைத்த படிவத்திலோ தொகை என்ற ஒரு கட்டம் மட்டுமே இருந்தது. அரிசி கொண்டுவந்தவருக்கு அதில் இடமே இல்லை. பொருளாகக் கொடுப்பதற்குத் தனிப் பக்கமும், அளவைத் தேர்ந்தெடுக்க வீசை, கிலோ, மூட்டை, டின் என்ற பட்டியலும் பிறகு வைத்தோம். ஒரு வீசை ஏறத்தாழ 1.63 கிலோ; அதைத் தானாகக் கிலோவாக மாற்றிக் காட்டாதீர்கள். கொடுத்தவர் ஐந்து வீசை என்றால் ரசீதிலும் ஐந்து வீசை என்றே வர வேண்டும், கணக்குக்கான கிலோ பின்னால் இருந்துகொள்ளட்டும்.

இந்த வாரத்திலேயே ஒரு வெள்ளிக்கிழமை மாலை அர்ச்சனைச் சீட்டு கொடுக்கும் இடத்தில் ஒரு மணி நேரம் நின்று, எழுதுபவர் எந்த வரிசையில் கேட்கிறார் என்று பாருங்கள். எங்கள் ஐயா முதலில் “எதற்கு?” என்று கேட்பார், அடுத்துத் தொகை, அதற்குப் பிறகே பெயர். என் படிவம் பெயரில் தொடங்கித் தொகையில் முடிந்திருந்தது. வரிசை தெருவுக்குப் போனதற்கு இந்தத் தலைகீழும் ஒரு காரணம்.

2. கேட்கத் தேவையில்லாததை எடுத்துவிடுங்கள்

ஆயத்தப் படிவத்தில் “அடையாள அட்டை எண்” என்று ஒரு கட்டம் இருந்தது. இருக்கட்டுமே என்று விட்டுவைத்தேன். அந்தக் காலையில் நான் செய்த பிழைகளில் இதற்காகத்தான் இன்றும் வருந்துகிறேன்.

மியான்மரின் குடியுரிமை அட்டை எண் நான்கு பகுதிகளால் ஆனது: மாநிலத்தையோ பிரதேசத்தையோ குறிக்கும் 1 முதல் 14 வரையிலான எண், நகரியத்தின் எழுத்துச் சுருக்கம், அடைப்புக்குள் குடியுரிமை வகை, கடைசியில் ஆறு இலக்கம். இரங்கூனுக்கு 12. இதை ஒரே கட்டத்தில் தட்டச்சு செய்யச் சொன்னால் பத்தில் எட்டுப் பேர் தடுமாறுவார்கள். அதைவிடப் பெரிய சங்கடம் வேறு. எல்லாருடைய கையிலும் ஒரே நிற அட்டை இல்லை; முழுக் குடியுரிமைக்கு இளஞ்சிவப்பு, இணைக் குடியுரிமைக்கு நீலம், குடியுரிமை வழங்கப்பட்டோருக்குப் பச்சை என்று அட்டைகள் வேறுபடுகின்றன; நம் பெரியவர்களில் எந்த அட்டையும் இல்லாமலே வாழ்ந்து முடித்தவர்களும் உண்டு. அம்மனுக்கு இரண்டாயிரம் க்யாட் போட வந்த ஒரு மூதாட்டி, அந்தக் கேள்வியைக் கேட்டதும் பையைத் துழாவுவதுபோல் சிறிது நேரம் நின்று, “அப்புறம் வர்றேன்” என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று அவர் திரும்பி வரவில்லை.

ஆகவே ஒவ்வொரு கட்டத்தையும் எடுத்துக்கொண்டு, “இது இல்லாவிட்டால் ரசீது செல்லாமல் போகுமா?” என்று நிர்வாகக் குழுவிடமே கேளுங்கள். எங்கள் படிவத்தில் பதினான்கு கட்டங்கள் இருந்தன. அந்தக் கேள்விக்குப் பிறகு ஐந்து மிஞ்சின. முகவரி, மின்னஞ்சல், பிறந்த தேதி, வயது, தொழில் எல்லாம் போயின. உங்கள் வேலைக்கு அட்டை எண் உண்மையிலேயே தேவை என்றால் நான்கு பகுதிகளையும் தனித்தனியாகப் பிரித்து, முதல் மூன்றையும் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்க வையுங்கள். எல்லா வகைகளும் பட்டியலில் இருக்கட்டும். “அட்டை இல்லை” என்பதும் எந்தத் தடையுமின்றி அடுத்த பக்கத்துக்குக் கொண்டுபோகும் ஒரு விடையாக இருக்கட்டும்.

3. பெயருக்கு ஒரே கட்டம் வையுங்கள்

முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டங்கள் வைத்த படிவம் இங்கே ஒரு நாளும் சரிவராது. பர்மியர்களுக்குக் குடும்பப்பெயர் கிடையாது. தமிழர்களாகிய நமக்கும் தந்தை பெயரின் முன்னெழுத்துத்தான் உண்டு. என் படிவத்தில் இரண்டு கட்டங்களையும் நிரப்பினால்தான் அடுத்த பக்கம் திறக்கும் என்பதால், பலர் மரியாதை முன்னொட்டான “ஊ” அல்லது “டோ” என்பதை முதல் கட்டத்திலும் முழுப் பெயரை இரண்டாவதிலும் போட்டார்கள். விளைவு, முதற்பெயரை மட்டும் எடுத்து அச்சிட்ட நன்றிச் சீட்டில் “அன்புள்ள ஊ அவர்களுக்கு” என்று வந்தது. அதை இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

வீட்டிலும் கோயிலிலும் ஒரு தமிழ்ப் பெயர், பள்ளியிலும் அட்டையிலும் ஒரு பர்மியப் பெயர் என்று வைத்திருப்போர் நம்மில் ஏராளம். ரசீதில் எது வர வேண்டும் என்பதை வடிவமைப்பவர் முடிவு செய்ய முடியாது. “ரசீதில் வர வேண்டிய பெயர்” என்று ஒரு கட்டம், அர்ச்சனை கேட்டால் மட்டும் திறக்கும் “குருக்கள் சொல்ல வேண்டிய பெயர், நட்சத்திரம்” என்ற இரண்டு கட்டங்கள் என வைத்தபின் கேள்விகள் நின்றன. நட்சத்திரத்துக்கு இருபத்தேழு பெயர்கள் கொண்ட பட்டியலோடு “தெரியாது” என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கோத்திரம் கேட்பவர்கள் குறைவு. அதைக் கட்டாயமாக்க வேண்டாம்.

பெயரின் நீளத்துக்கு வரம்பு போடுவதிலும் ஒரு பொறி இருக்கிறது. “கிருஷ்ணமூர்த்தி” நம் கண்ணுக்கு எட்டு எழுத்து. கணினி எழுத்துகளை எண்ணாகப் பதியும் யூனிகோடு முறையின் கணக்கில் புள்ளியும் உயிர்க்குறியும் தனித்தனியாக எண்ணப்படுவதால் பதினைந்து குறிகள். இருபது குறி என்று வரம்பு வைத்த இடத்தில் தந்தை பெயரையும் சேர்த்து எழுத முடியாது. வரம்பில் வெட்டுப்பட்டால் கடைசி எழுத்து காலையோ கொம்பையோ இழந்து வேறு எழுத்தாகி நிற்கும். நூறு குறிகளுக்குக் குறையாமல் வையுங்கள்.

4. எண்களை உள்ளூர்க் கணக்குக்கு மாற்றுங்கள்

ஆயத்தப் படிவம் கைபேசி எண்ணில் பத்து இலக்கம் இல்லாவிட்டால் ஏற்காது. இங்கே எண்கள் 09 என்று தொடங்கும். பழைய எண்கள் குறைந்த இலக்கத்திலும் புதியவை பதினோரு இலக்கத்திலும் இருக்கும். அன்று காலை முதல் ஆறு பேரின் எண்களைத் திரை சிவப்புக் கோட்டோடு திருப்பியனுப்பியபோது, தவறு அவர்களுடையது என்று நினைத்து நான் திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னேன். இலக்கத்தின் எண்ணிக்கையை எண்ணாதீர்கள்; 09 என்றோ +95 என்றோ தொடங்குகிறதா என்று மட்டும் பாருங்கள்; நடுவில் இடைவெளியோ கோடோ இருந்தால் நீங்களே நீக்கிக்கொள்ளுங்கள்.

பர்மிய விசைப்பலகையில் தட்டுபவர்கள் பர்மிய இலக்கங்களையே போடுவார்கள். அவற்றைச் செயலி தானாக மாற்றிக்கொள்ள வேண்டும். பர்மியச் சுழியமும் “வ” என்ற பர்மிய எழுத்தும் பார்வைக்கு ஒரே வட்டம். பலர் சுழியத்துக்குப் பதிலாக எழுத்தைத் தட்டிவிடுவார்கள், கண் கண்டுபிடிக்காது, கணினி மட்டும் மறுக்கும். எண் கட்டத்துக்குள் அந்த எழுத்து வந்தால் சுழியமாகக் கொள்ளும்படி எழுதிவிட்டால் இந்தத் தொல்லை தீரும். எண் கட்டத்தைத் தொட்டவுடன் எண் விசைப்பலகை மட்டுமே எழும்படி வைப்பது அதைவிட நல்லது.

தொகைக்கு வருவோம். க்யாட்டில் யாரும் காசு கணக்குப் பார்ப்பதில்லை. தொகையின் பின்னால் புள்ளியும் இரண்டு சுழியங்களும் வந்தால், ஐயாயிரத்தை ஐந்து இலட்சமாகப் படிக்கும் வயதான கண்கள் உண்டு. அதை எடுத்துவிடுங்கள். காற்புள்ளியையும் பாருங்கள்: இந்தியப் படிவம் 1,00,000 என்று காட்டும்; இங்குள்ள கடைகளிலும் வங்கிகளிலும் 100,000 என்றே பழக்கம். நாம் தமிழில் இலட்சம் என்கிறோம், பர்மியர் அதே அளவைத் தெய்ன் என்கிறார்கள். ஆகவே எண்ணுக்குக் கீழே “ஒரு இலட்சம் க்யாட்” என்று எழுத்தாலும் காட்டினோம். ஒரு சுழியம் கூடிவிட்டால் தட்டியவர் கண்ணிலேயே அது பட்டுவிடுகிறது. வழக்கமாகப் போடும் 1,000, 5,000, 10,000 ஆகிய தொகைகளுக்குத் தனிப் பொத்தான்கள் வைத்தால் பெரும்பாலோர் எண்ணைத் தட்டவே வேண்டியிராது.

நேரம்தான் நான் கடைசியில் கண்டுபிடித்த பிழை. தீமிதிக்கு முந்தைய இரவு பன்னிரண்டேகால் மணிக்குப் போட்ட ரசீதுகளில் எல்லாம் முந்தைய நாளின் தேதி இருந்தது. படிவம் இந்திய நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. இங்கே நேரம் அதைவிட ஒரு மணி முன்னால். கணக்கு முடித்தபோது இரண்டு நாளும் இடித்தது, பொருளாளர் மறுபடி என்னைப் பார்த்தார். நேர மண்டலம் கிரீன்விச்சுக்கு ஆறரை மணி முன்னதாக அமைந்திருக்கிறதா என்று முதல் நாளே பாருங்கள்.

5. மூன்று மொழிக்கும் எழுத்துருவைச் சோதியுங்கள் (இரண்டாம் வாரம்)

மேசைக்கு வரும் பாட்டனாருக்குத் தமிழ் படிக்கத் தெரியும். பேரனுக்குத் தமிழ் பேச வரும், படிக்கப் பர்மியம்தான் வரும். வெளியூர் விருந்தினருக்கு ஆங்கிலம். மொழி மாற்றும் பொத்தானை அமைப்புகள் என்ற அறைக்குள் ஒளித்துவைக்காமல் திரையின் மேல் ஓரத்தில் எப்போதும் தெரியும்படி வைத்து, ஒவ்வொரு மொழியின் பெயரையும் அந்தந்த எழுத்திலேயே எழுதுங்கள். நாட்டுக் கொடிப் படத்தால் மொழியைக் குறிக்காதீர்கள். தமிழுக்கு எந்தக் கொடியைப் போடுவீர்கள்?

பர்மிய எழுத்தில் ஜாவ்ஜி, யூனிகோடு என்ற இரண்டு குறியாக்கங்கள் வெகுகாலம் அருகருகே ஓடின. நாடு யூனிகோடுக்கு மாறுவதற்கான நாள் 2019 அக்டோபர் 1 என்று குறிக்கப்பட்டு, அதன்பின் பெரும்பாலானோர் மாறிவிட்டார்கள் என்றாலும், பழைய கைபேசியும் பழைய பழக்கமும் உள்ளவர்கள் இன்னும் வருவார்கள். இரண்டும் ஒரே குறியெண்களை வேறு வேறு எழுத்துக்குப் பயன்படுத்துவதால், ஒன்றில் தட்டியது மற்றொன்றில் சிதறித் தெரியும். நம்மூர்ப் பழைய தமிழ் எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்பைத் திறந்து ஆங்கிலக் குப்பையைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். எந்தக் குறியாக்கம் என்று கண்டுபிடித்து மாற்றித் தரும் இலவச நிரல் தொகுப்பைக் கூகுள் வெளியிட்டிருக்கிறது. “மியான்மர் டூல்ஸ்” என்று தேடினால் கிடைக்கும். உங்கள் பக்கத்தில் யூனிகோடு மட்டுமே வையுங்கள். பர்மியத்துக்குப் பிதாங்சு அல்லது பதௌக், தமிழுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ் ஆகிய எழுத்துருக்கள் இலவசமாகக் கிடைக்கின்றன.

பர்மிய எழுத்து ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி வருவதால், ஆங்கிலத்துக்கு அளவெடுத்த வரி இடைவெளியில் மேல் வரியின் காலும் கீழ் வரியின் தலையும் மோதிக்கொள்ளும். எழுத்தின் உயரத்தைப்போல் ஒன்றே முக்கால் மடங்குக்குக் குறையாமல் வரி உயரம் வைத்தபின் எங்களுக்குச் சரியாயிற்று. தமிழில் உயரத்தைவிட நீளம்தான் தொல்லை. ஆங்கிலத்தில் ஒரு சிறு சொல்லுக்கு அளவெடுத்த பொத்தானில் “அன்னதான உபயம்” என்று போட்டால் “அன்னதா…” என்று நின்றுவிடும். மூன்று மொழிகளிலும் எது நீளமோ அதற்கு அளவெடுத்துப் பொத்தானை வரையுங்கள்.

6. பொத்தானுக்கு மேசையில் பேசும் சொல்லை வையுங்கள்

முதல் ஆண்டுப் படிவத்தின் கடைசிப் பொத்தானில் “சமர்ப்பி” என்று இருந்தது. கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டு அதைப் படித்த ஒரு ஆத்தா, “யாருக்குத் தம்பி சமர்ப்பிக்கிறது, அம்மாளுக்கா? அதைச் சாமிகிட்டே போய்ச் செய்ய வேண்டாமா?” என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம். கோயிலில் சமர்ப்பிப்பது என்றால் அதற்கு ஒரே பொருள்தான் உண்டு. அந்தப் பொத்தான் இப்போது “ரசீது போடு” என்று இருக்கிறது. ஒருவரும் கேள்வி கேட்பதில்லை.

இன்னொரு பொறி ரத்து செய்வதில் வரும். “இந்த ரசீதை ரத்து செய்யலாமா?” என்று கேட்டுவிட்டுக் கீழே “ரத்து”, “சரி” என்று இரண்டு பொத்தான்கள் வைத்திருந்தேன். ரத்து என்றால் ரசீதை ரத்து செய்வதா, ரத்து செய்யும் எண்ணத்தை ரத்து செய்வதா? நானே ஒருமுறை தவறாக அழுத்தினேன். இப்படிப்பட்ட இடங்களில் பொத்தானிலேயே முழுச் செயலையும் எழுதுங்கள்: “ரசீதை ரத்து செய்”, “ரசீது இருக்கட்டும்”.

ரத்தான ரசீதைத் திரையிலிருந்து அழித்துவிடவும் கூடாது. காகிதப் புத்தகத்தில் தவறான ரசீதைக் கிழித்தெறிவதில்லை. குறுக்கே கோடு போட்டு அடிக்கட்டையோடு விட்டுவைக்கிறோம். திரையிலும் எண் மாறாமல், மேலே கோடிட்டபடி, யார் எப்போது ரத்து செய்தார் என்ற குறிப்போடு அது நிற்க வேண்டும்.

7. அளவும் நிறமும்

இதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தொடும் பொத்தான் ஆண்ட்ராய்டு நெறிமுறைப்படி குறைந்தது 48 அலகு இருக்க வேண்டும். விரலில் அளந்தால் ஏறக்குறைய ஒன்பது மில்லிமீட்டர். விபூதியும் எண்ணெயும் ஒட்டிய விரலுக்கு இன்னும் கொஞ்சம் தாராளமாக விடுங்கள். “ரசீது போடு”வும் “ரசீதை ரத்து செய்”யும் அருகருகே இருக்கக் கூடாது. எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே ஒளிர்வு வேறுபாடு, அணுகுதன்மைக்கான அனைத்துலக நெறிமுறை கூறுவதுபோல், சாதாரண எழுத்துக்கு 4.5க்கு 1 என்ற விகிதத்துக்குக் குறையலாகாது. மஞ்சள் பின்னணியில் காவி எழுத்து மங்களகரமாகத்தான் இருக்கும். பந்தலின்கீழ் மதிய வெயிலில் படிக்க முடியாது. பணம் வந்தது பச்சை, வராதது சிவப்பு என்று நிறத்தை மட்டும் நம்பாமல் “வந்தது”, “வரவில்லை” என்று எழுதியும் விடுங்கள், ஏனென்றால் அவ்விரண்டையும் பிரித்தறிய முடியாதவர்கள் ஆண்களில் கணிசமாக உண்டு.

8. பிழைச்செய்தியும் மின்வெட்டும்

“தவறான உள்ளீடு” என்பது செய்தியே அல்ல. எந்தக் கட்டம், என்ன குறை, என்ன செய்தால் சரியாகும் என்ற மூன்றையும், அந்தக் கட்டத்துக்குக் கீழேயே, திட்டாத தொனியில் எழுதுங்கள்: “கைபேசி எண் 09 என்று தொடங்க வேண்டும். எண் இல்லையென்றால் இந்தக் கட்டத்தை வெறுமையாக விடலாம்.” பிழை காட்டும்போது ஏற்கெனவே நிரப்பியதை அழித்துவிடாதீர்கள். ஐந்து கட்டத்தையும் மறுபடி நிரப்பச் சொன்னால் மனிதர் காகித மேசைக்குப் போய்விடுவார்.

மின்சாரமும் இணையமும் எந்த நிமிடமும் போகும் என்று வைத்தே திட்டமிடுங்கள். ஒவ்வொரு கட்டமும் நிரம்பியவுடன் கருவியிலேயே பதிவாக வேண்டும். இணையம் வந்தபின் பொதுக் கணக்கில் சேரட்டும். இரண்டு கருவிகளில் ரசீது போட்டால் எண்கள் மோதும் என்பதால் ஒன்றுக்கு அ–1, அ–2 என்றும் மற்றொன்றுக்கு ஆ–1, ஆ–2 என்றும் வரிசை கொடுத்தோம். பழைய ரசீதுப் புத்தகங்களுக்குப் புத்தக எண் இருந்ததைப்போலத்தான்.

காத்திருப்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. திரைகள் பயன்படுத்த எளிதா என்று ஆராயும் ஜேக்கப் நீல்சன் எழுதியவற்றில் படித்தேன்: பத்தில் ஒரு விநாடிக்குள் விடை வந்தால் உடனே நடந்ததாகத் தோன்றும், ஒரு விநாடிவரை எண்ணவோட்டம் அறுபடாது, பத்து விநாடி தாண்டினால் கவனம் வேறெங்கோ போய்விடும். எங்கள் மேசையில் மூன்று விநாடி பொறுத்தவர்களே குறைவு. பொத்தானை மறுபடி அழுத்தினார்கள், ஒரே நன்கொடைக்கு இரண்டு ரசீது வந்தது. ஒருமுறை அழுத்தியவுடன் பொத்தான் செயலிழந்து “ரசீது தயாராகிறது” என்று மாறும்படி வையுங்கள்.

கேபிஇசட் பே, வேவ் பே போன்ற கைபேசிப் பணச் செயலிகளில் பணம் அனுப்பிவிட்டு அந்தத் திரைப்பிடிப்பைக் காட்டுவோர் இப்போது மிகுதி. பரிமாற்ற எண்ணின் கடைசி ஆறு இலக்கத்தை மட்டும் கேட்டு ரசீதில் சேருங்கள். முழு எண்ணையும் தட்டச் சொல்வது வீண்.

9. காகிதத்தில் வரைந்து ஐந்து பேரிடம் காட்டுங்கள் (மூன்றாம், நான்காம் வாரம்)

செயலி எழுதத் தொடங்கும்முன் ஒவ்வொரு திரையையும் ஏ4 தாளைப் பாதியாக வெட்டிப் பென்சிலால் வரைந்து, “அன்னதானத்துக்கு ஐயாயிரம் போடுங்கள்” என்று மட்டும் சொல்லிவிட்டு, எதிரே இருப்பவரை விரலால் தொடச் சொல்லுங்கள். தொட்டால் அடுத்த தாளை நீங்கள் வைக்க வேண்டும். நீல்சன் 2000இல் எழுதியபடி ஐந்து பேரிடம் சோதித்தாலே பெரும்பாலான குறைகள் வெளிப்பட்டுவிடும். அந்த ஐந்து பேர் யார் என்பதில்தான் நாம் கோட்டை விடுகிறோம். நான் முதலில் என் நண்பர்கள் ஐவரைக் கூப்பிட்டேன். எல்லாருக்கும் எல்லாம் புரிந்தது, ஒன்றும் தெரியவரவில்லை. அடுத்த சுற்றில் தமிழ் மட்டும் படிப்பவர் ஒருவர், பர்மியம் மட்டும் படிப்பவர் ஒருவர், கைபேசியில் பேச மட்டுமே தெரிந்தவர் ஒருவர், ரசீது எழுதும் ஐயா, பொருளாளர் என்று மாற்றினேன்.

சோதிக்கும்போது வாயைத் திறக்காதீர்கள். “அங்கே இல்லை, இந்தப் பக்கம் பாருங்கள் அண்ணா” என்று நாக்கு நுனிக்கு வந்துவிடும். அதை விழுங்கிக்கொண்டு, விரல் எங்கே தயங்கியது என்று தாளின் ஓரத்தில் ஒரு புள்ளி மட்டும் வையுங்கள். எங்கள் இரண்டாவது தாளில், தொகைக்கும் “அடுத்து” என்ற பொத்தானுக்கும் இடையே ஐவரின் விரலும் ஒரே இடத்தில் நின்றன. நான் அழகுக்காக வரைந்திருந்த தாமரையைப் பொத்தான் என்று நினைத்திருக்கிறார்கள்! தாமரையை எடுத்துவிட்டேன்.

10. செலவும் நாளும் ஒப்படைப்பும்

க்யாட்டில் தொகையை எழுதினால் அடுத்த மாதமே பொய்யாகிவிடும் என்பதால் எதற்குச் செலவாகும் என்பதை மட்டும் சொல்கிறேன். எங்களுக்கு ஆன செலவில் பெரும்பகுதி இரண்டு பழைய கைக்கணினிகளுக்கும் ஒரு சிறிய வெப்ப அச்சுப்பொறிக்கும் போயிற்று; காகிதம், பென்சில், சோதனைக்கு வந்தவர்களுக்குத் தேநீர், சமோசா எல்லாம் சேர்ந்தும் அதில் சிறு துண்டுதான். மறைந்து நிற்கும் செலவுகள் இரண்டு. குறுஞ்செய்தியில் ரசீது அனுப்பினால் ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து, தமிழிலும் பர்மியத்திலும் 70 குறிதான். அதைத் தாண்டினால் இரண்டு செய்தியாகக் கணக்காகும். எனவே பெயர், தொகை, ரசீது எண் ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அடுத்தது அச்சுப்பொறி: 58 மில்லிமீட்டர் தாள் கொண்ட சிறிய பொறிகளில் தமிழ், பர்மிய எழுத்துகள் பொதுவாக உள்ளேயே இருப்பதில்லை, ரசீதைப் படமாக மாற்றி அனுப்ப வேண்டும், படத்தின் அகலம் 384 புள்ளி. வாங்குவதற்குமுன் கடையிலேயே ஒரு தமிழ் ரசீதை அச்சிட்டுப் பாருங்கள். நான் பார்க்காமல் வாங்கிய முதல் பொறி கேள்விக்குறிகளை மட்டுமே அச்சிட்டது, கடைக்காரர் திரும்பப் பெறவில்லை.

ஐந்தாம், ஆறாம் வாரங்கள் செயலி எழுத. ஏழாவது வாரம் வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் உண்மையான ரசீது போட்டுப் பார்க்க. எட்டாவது வாரம் எதையும் மாற்றாமல் இருக்க. அந்தக் கடைசி வாரத்தில் நிர்வாகக் குழுவினர் ஒவ்வொருவருக்கும் ஒரு புதிய யோசனை தோன்றும். எழுதி வாங்கிக்கொண்டு அடுத்த ஆண்டுக் கோப்பில் வையுங்கள். பர்மியப் புத்தாண்டு நீர்த்திருவிழாவான திஞ்ஜானும் சித்திரைப் பிறப்பும் சேர்ந்து வரும் ஏப்ரல் நடுப்பகுதியை இந்த எட்டு வாரத்துக்குள் விடாதீர்கள். அந்த நாள்களில் கடையும் திறக்காது, ஆளும் கிடைக்கமாட்டார்.

திருவிழா நாளில் எண்ணிட்ட காகித ரசீதுப் புத்தகம் ஒன்றும் கார்பன் தாளும் மேசையின் இழுப்பறையில் இருக்கட்டும். கடவுச்சொல்லை நீங்கள் ஒருவரே வைத்துக்கொள்ளாமல், ஒரு தாளில் தெளிவாக எழுதி உறையிலிட்டு, பொருளாளரும் செயலாளரும் கையெழுத்திட்டபின், பழைய அடிக்கட்டைகள் இருக்கும் அதே பீரோவில் வைத்துச் சாவியை அவர்களிடமே கொடுத்துவிடுங்கள்.